பொலித்தீன் பிரிக்காத முகக்கவசங்கள்

அன்பான கௌரி மச்சாள்,

உங்களைக் கொன்றது எங்கள் விளையாட்டுக் கழகம். தடி இல்லை, விதி இல்லை, ரிஸ்னா இல்லை. சிலம்ப மோதலுக்கென்று நீங்கள் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்த முகக்கவசங்கள் வந்து சேர்ந்திருந்தன. கழகக் கட்டடத்துக்குள்ளேயே, இரும்பு அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. பிரதம விருந்தினர் வந்து கையளிக்கும் வரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது என்றார்கள். அவர் வருவதற்குள் நீங்கள் செத்துப்போனீர்கள்.

இதை உங்கள் கல்வெட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வந்த சனத்துக்குக் கொடுத்த அந்த நினைவு மலரில் உங்கள் கலியாணப் படம் இருக்கிறது, தேவாரம் இருக்கிறது, கழகத் தலைவரின் அனுதாபச் செய்தி இருக்கிறது. நான் எழுதியது இல்லை. "உப்பிடி எழுதினா ஊருக்குள்ள பிரச்சினை வரும், தர்சி" என்று அண்ணா எடுத்துவிட்டார். அண்ணா என்றால் உங்கள் மனுசன்தான். வாசிக்கிற மற்ற ஆட்களுக்காகச் சொல்கிறேன். தலைவரின் செய்தியில் 'காலன் கவர்ந்து சென்றான்' என்று இருக்கிறது. காலனிடம் அலுமாரிச் சாவி இருக்கவில்லை, மச்சாள். அது தலைவரின் சட்டைப் பையில் இருந்தது.

ஆகவே எல்லாரும் வாசிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். ஒளித்துக் கதைக்கிறது உங்களுக்கும் பிடிக்காதுதானே?

கிளிவெட்டியிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீங்கள் ஒரு ஸ்கூட்டரும் காப்புறுதிக் கம்பனியின் பையும் உங்களை விட உயரமான ஒரு பிரம்புத் தடியும் கொண்டுவந்தீர்கள். அம்மா தடியைப் பார்த்துவிட்டு, "உதென்ன பிள்ளை, மாடு மேய்க்கவோ?" என்று கேட்டா. "ஓம் மாமி, உங்கட மோனை மேய்க்க" என்றீர்கள். அம்மா சிரிக்கவில்லை. அண்ணா குசினிக்குள் போய் நின்று சிரித்தார். அன்றைக்கே நான் உங்கள் பக்கம்.

காப்புறுதி விற்றுத் திரிந்ததாலோ என்னவோ, எதைக் கண்டாலும் உங்களுக்கு ஒரே கேள்விதான்: "இதில முதல் உடையிறது எது?" குச்சவெளியில் வள்ளத்தைப் பார்த்தாலும் கேட்பீர்கள். எங்கள் வீட்டுக் கதிரையைப் பார்த்தும் கேட்டீர்கள். துறைமுகப் பக்கம் உள்ள அந்த மைதானத்தில் பெண்களுக்குச் சிலம்பம் பழக்கத் தொடங்கியபோதும் அதையேதான் கேட்டீர்கள். கால் சுவடு வைக்கிறதும் தடி சுழற்றுகிறதும் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் உங்களுக்கு மோதல் வேண்டும். தடி நுனியைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டு இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று, யாரின் உடுப்பில் கூட வெள்ளை விழுகிறது என்று பார்க்கிற அந்த விளையாட்டு. "காத்துக்குச் சுத்திக் காட்டுறது கோயில் திருவிழாவுக்கு. ஒருத்தி அடிக்க வரேக்க என்ன செய்யிறது எண்டு இதிலதான் தெரியும்" என்பீர்கள்.

உங்களுக்கு ஈடு கொடுத்தவள் ரிஸ்னா ஒருத்திதான். கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறிப் பாலம் கடந்து வருவாள். அவளுடைய வாப்பா கலியாண வீடுகளில் சீனடி விளையாடுகிறவர். சீனடியும் தடி விளையாட்டுத்தான், அடிகள் கொஞ்சம் வேறு. அந்த வேறுபாடுதான் உங்களுக்குத் தேவைப்பட்டது. நீங்கள் இரண்டு பேரும் மோதத் தொடங்கினால் மற்றவர்கள் தடியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்போம்.

கவசம் தெரிவு செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

நாங்கள் எல்லாரும் தலையைப் பற்றிக் கதைக்க, நீங்கள் விரலில் தொடங்கினீர்கள். "மோதலில முதல் உடையிறது விரல். விரல் உடைஞ்சா சமைக்கேலாது. சமைக்காட்டி மாமியார் விடமாட்டா. அதால முதல் கையுறை." பிறகு முழங்கை, முன்னங்கால். கவசத்துக்கு முதல் தடியை மாற்றினீர்கள். பாரமான தடிகளை ஒதுக்கிவிட்டு மெல்லிய பிரம்பு எடுத்து, நுனியில் சைக்கிள் டியூப் சுற்றினீர்கள். "கவசம் போட்டவளுக்குப் பயம் போயிடும். பயம் போனா கை பலக்கும். முதல் தடியை மெலியப் பண்ண வேணும், அதுக்குப் பிறகுதான் உடம்பை மூட வேணும்." இந்த வரியை நான் எங்கேயும் படித்ததில்லை. உங்கள் வாயால் கேட்டதுதான்.

தலைக்கு வந்தபோதுதான் பப்பாசிப்பழங்கள் வந்தன. ஒரு மோட்டார்சைக்கிள் ஹெல்மெட், துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள் போடுகிற மஞ்சள் தொப்பி ஒன்று, பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய கிரிக்கெட் ஹெல்மெட் ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பழத்தைச் செருகிக் கம்பத்தில் கட்டினீர்கள். அண்ணா ஓடிவந்தார்.

"அடியே, அது என்ர ஹெல்மெட்! நாளைக்குப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போறேல்லையோ?"

"போங்கோ. நல்லா மணக்கும்."

மஞ்சள் தொப்பி முதல் அடியிலேயே கழன்று வீதிக்கு உருண்டது. "இது மேலயிருந்து விழுற சாமானுக்குச் செய்தது. பக்கத்தால வாற அடிக்கு இல்லை" என்றீர்கள். மோட்டார்சைக்கிள் ஹெல்மெட்டுக்குள் பழம் தப்பியது. ஆனால் அதைப் போட்டுப் பார்த்த ரிஸ்னா கையை முன்னால் நீட்டித் தடவிக்கொண்டு நின்றாள். "ஒண்டும் வெளங்கல்ல கௌரிக்கா. ஆமை ஓட்டுக்குள்ள இரிக்கிற மாதிரி இரிக்கி. நீங்க எங்க நிக்கிறீங்க எண்டும் தெரியா." கடற்கரைப் புழுக்கத்தில் கண்ணாடி முழுக்க மூச்சு படிந்திருந்தது. கிரிக்கெட் ஹெல்மெட்தான் நல்லது என்று நாங்கள் எல்லாரும் சொல்ல, நீங்கள் தடியை நேராக நீட்டி ஒரு குத்துக் குத்தினீர்கள். முகத்துக் கம்பிகளுக்கு நடுவால் நுனி உள்ளே போய்ப் பழத்தின் மறுபக்கத்தால் வந்தது. "பந்து இதுக்குள்ளால போகாது. தடி போகும். ஆர் எதுக்குச் செய்தவன் எண்டு பார்த்துத்தான் போட வேணும்" என்றீர்கள். பிறகு மிஞ்சிய பழங்களை வெட்டி எல்லாருக்கும் தந்தீர்கள்.

அதுக்குப் பிறகு இரவல் வாங்கிய கிரிக்கெட் ஹெல்மெட்டுகளின் கம்பிக்கு உள்பக்கம் சின்னக் கண் வலைக்கம்பியைக் கட்டிச் சமாளித்தோம். சரியானது வெளிநாட்டில் உள்ள ஊர்க்காரர்களிடம் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது. முகத்துக்கு இறுகிய கம்பி வலை, காதுக்கு மேலும் பிடரியிலும் பஞ்சு வைத்த தடிப்பு, தொண்டையை மூடத் தொங்குகிற தட்டு. எல்லாருடைய தலையையும் தையல்கார அக்காவின் நாடாவால் அளந்தீர்கள். "கொண்டை போட்டா கவசம் எழும்பி நிக்கும், தாழப் பின்னிக்கொண்டு வாங்கோ." ரிஸ்னாவின் தலைத்துணிக்குக் குண்டூசி குத்தக்கூடாது, ஊசியில்லாமல் இழுத்துப் போடுகிற மாதிரித் துணி எடு என்றீர்கள். தோடு, காப்பு, மோதிரம் எல்லாம் ஒரு பால்மா டின்னுக்குள் போகும். அந்த டின்னுக்குள் முதலில் விழுகிறது உங்கள் தாலிக்கொடி.

அதுக்கு அம்மா உங்களோடு கதையை நிற்பாட்டினா, நினைவிருக்கிறதா? "தடி மாட்டினா கழுத்து அறும் மாமி, பிறகு கொடிக்குக் கழுத்து இராது" என்று விளக்கம் சொல்லிப் பார்த்தீர்கள். செத்த வீட்டில் அதுவும் கதையாகப் போனது. தாலியைக் கழற்றிப் பால்மா டின்னில் போட்டவள் வேறு எப்படிச் சாவாள் என்று ஒரு மாமி, உங்கள் தலைமாட்டில் இருந்துகொண்டே சொன்னா. நான் எழும்பிப் போய்க் கேட்டேன், "அப்ப தாலியோட செத்த பெம்பிளையள் எல்லாம் என்ன செய்ததால செத்தவை?" என்னைத்தான் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

பெட்டிகள் வந்த நாள் நீங்கள் பிரித்து ஒன்றைத் தலையில் போட்டுப் பார்க்கக் கூடத் தலைவர் விடவில்லை. அவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். கெட்டவர் இல்லை. மைதானத்தைப் பெண்களுக்கு விட்டுத் தந்ததும் அவர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் கூடக் கோபம். நீங்கள் கேட்கப் போனபோது நானும் கூட வந்தேன்.

"பிள்ளை, அனுப்பின ஆக்களுக்குப் படம் அனுப்ப வேணும். விருந்தினர் கையால குடுக்கிற படம். பாவிச்ச சாமானைக் கையளிச்சா அது மரியாதையோ?"

"சேர், படத்துக்கு ரெண்டை வைச்சிட்டு மிச்சத்தைத் தாங்கோவன்."

"ஒண்டு குறைஞ்சாலும் குறைதான். பொலித்தீன் கழட்டாமல் வரிசையா அடுக்கினாத்தான் வடிவு. கொஞ்ச நாள் பொறுக்கேலாதே?"

"எங்களுக்குப் பொறுக்கலாம். மண்டைக்குச் சொல்லிப் பாக்கிறன்."

அவர் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் எனக்கு இந்த வடிவு தெரியும். நான் வேலை செய்கிற ஸ்டூடியோவுக்குப் பாதி வருமானம் இந்தக் கையளிப்புகள்தான். சைக்கிள் கையளித்தால் சீற்றில் பொலித்தீன் இருக்க வேண்டும். கதிரை கையளித்தால் கால் நாலிலும் கடதாசி சுற்றியிருக்க வேண்டும். தண்ணீர்த் தாங்கி வந்து இறங்கி, கோடை முழுக்க வெறுமையாய் நின்று, ரிபன் வெட்டுகிற அன்றைக்குத்தான் அதுக்குள் தண்ணீர் விழும். கொடுக்கிறவரின் கை படும் வரைக்கும் அந்தச் சாமான் எங்களுடையது இல்லை. தேவை எங்களுடையது, தலை எங்களுடையது, சாமான் மட்டும் அவருடையது. இதை ஒருவரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் யாராவது எதிர்த்திருப்பார்கள்.

விருந்தினருக்குக் கொழும்பில் கூட்டம் என்று ஒருதரம் தள்ளிப் போனது. வேறெங்கோ திறப்பு விழா என்று இன்னொருதரம். இதுக்கிடையில் புதியது வந்துவிட்டதுதானே என்று பள்ளிக்கூடத்துக்காரர் கிரிக்கெட் ஹெல்மெட்டுகளைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களிலும் பிழை சொல்லேலாது, அவர்களுக்கும் போட்டி தொடங்கிவிட்டது. ஆக, பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

அப்போதுதான் அழைப்பிதழ் அடித்து வந்தது. கையளிப்பு நிகழ்வில் நீங்களும் ரிஸ்னாவும் 'நல்லிணக்கக் காட்சி மோதல்' ஒன்று செய்ய வேண்டும் என்று அதில் போட்டிருந்தார்கள். ஒரு தமிழ்ப் பெண், ஒரு முஸ்லிம் பெண், நடுவில் விருந்தினர். நல்ல படம் வரும். கவசம் போட்டு மோதுகிற அந்தக் காட்சிக்கு நீங்கள் இரண்டு பேரும் கவசம் இல்லாமல் ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. காட்சி நாளில்தானே கவசம் வெளியே வரும்.

ஒத்திகை நடந்த அன்றைக்குப் பின்னேரம் நான் அங்கே நின்றனான். நடந்ததை எத்தனையோ பேர் எத்தனையோ மாதிரிச் சொல்கிறார்கள். நான் கண்டதை உங்களிடமே சொல்லி உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது. "மெதுவா விளையாடுவம், தலைக்கு வேண்டாம்" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ரிஸ்னா தோளுக்குத்தான் வீசினாள். நீங்கள் விலகக் கால் வைத்தபோது மணல் சறுக்கியது. வெளியே போக வேண்டிய உடம்பு உள்ளே வந்து தாழ்ந்தது. தோளுக்கு வந்த தடி காதுக்கு மேலே பட்டது. கையுறையும் முழங்கைக் கவசமும் போட்டிருந்தீர்கள். நீங்களே தைத்தவை என்பதால் அவற்றுக்கு யாரும் கையளிப்பு வைக்கவில்லை. தலையில் ஒன்றும் இல்லை.

முழங்காலில் இருந்தீர்கள். பிறகு எழும்பினீர்கள். ரிஸ்னா தடியை எறிந்துவிட்டு ஓடிவந்து உங்கள் தலையைப் பிடித்துப் பார்த்தாள். "வெள்ளை பட்டிட்டுது, புள்ளி உனக்குத்தான்" என்று அவளின் கன்னத்தைத் தட்டினீர்கள். இரத்தம் இல்லை. வீக்கம் கூடப் பெரிதாக இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவம் என்று அவள் கெஞ்சினாள். "போடி, உன்ர பஸ் போயிடும்" என்று அவளைத் துரத்தினீர்கள். வீட்டுக்கு ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நீங்கள்தான் ஓடினீர்கள். தேத்தண்ணி போட்டீர்கள். தலையிடி என்றீர்கள். பொழுதுபடுகிறபோது வாந்தி எடுத்தீர்கள். ஓட்டோவுக்குள் ஏற்றும்போது உங்கள் கதை குழறியது. பிறகு கண் திறக்கவில்லை. மண்டைக்குள் இரத்தம் கசிந்து தேங்கினது என்று பிறகு சொன்னார்கள். அடிபட்டவர் எழும்பிச் சிரித்தாலும் இப்படி நடக்கலாமாம். அன்று அங்கே நின்ற எவருக்கும் அது தெரியாது.

மரண விசாரணையில் விளையாடும்போது நடந்த விபத்து என்று எழுதினார்கள். சரி. ஆனால் செத்த வீட்டுப் பந்தலுக்குள் அது அப்படி இருக்கவில்லை. உங்கள் உடம்பு வீட்டுக்கு வருவதற்கு முதலே 'கிண்ணியாப் பெட்டை அடிச்சுக் கொன்றிட்டாள்' என்ற கதை வந்துவிட்டது. ரிஸ்னாவும் வாப்பாவும் வந்தபோது வாசல் படலையடியில் சில பொடியன்கள் நின்று மறித்தார்கள். வாப்பா தொப்பியைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு வீதியிலேயே நின்றார். நான் ஓடிப் போவதற்குள் அவர்கள் திரும்பிவிட்டார்கள். பேஸ்புக்கில் அடுத்த நாள் அவளின் படத்தையும் போட்டார்கள். அந்தப் படம் எங்கள் அழைப்பிதழில் இருந்த படம், மச்சாள். பக்கத்தில் நின்ற உங்களை வெட்டிவிட்டு, நல்லிணக்கத்துக்கு எடுத்த படத்தையே போட்டார்கள்.

தலைவர் ஒரு வசனம் சொல்லியிருந்தால் அந்தக் கதை அன்றைக்கே நின்றிருக்கும். 'கவசம் எங்களிடம் இருந்தது, நாங்கள்தான் கொடுக்கவில்லை.' அவ்வளவுதான். அவர் சொல்லவில்லை. அவளைப் பற்றித் தப்பாக ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார். உண்மைதான். வாயே திறக்கவில்லை. சனம் பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும் அலுமாரியை ஒருவரும் பார்க்கமாட்டார்கள்தானே.

கையளிப்பு நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. உங்கள் படத்துக்கு மாலை போட்டு, அதுக்கு முன்னால் முகக்கவசங்களைப் பொலித்தீனோடு அடுக்கி வைத்தார்கள். விருந்தினர் வந்தார், உங்கள் பெயரைப் பிழையாகச் சொன்னார், கண்ணைத் துடைத்தார். ஸ்டூடியோ முதலாளி என்னைத்தான் படம் எடுக்க அனுப்பினார். கமராவை அவருடைய மேசையில் வைத்துவிட்டு, "இதை நான் எடுக்க மாட்டன், வேணுமெண்டா என்னை நிப்பாட்டுங்கோ" என்றேன். நிப்பாட்டவில்லை, அவரே போய் எடுத்தார். படங்கள் வடிவாக வந்திருந்தன.

இப்போது கவசங்கள் வெளியே வந்துவிட்டன. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் பெண்களின் பயிற்சியை நிற்பாட்டிவிட்டார்கள். பெண்களுக்கு இது ஆபத்து என்று முடிவாம். ஆண்கள் போடுகிறார்கள். நீங்கள் எங்கள் தலைக்கு அளந்து எடுத்தவை அவர்களின் தலைக்கு இறங்காது. அதனால் நெற்றிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு மோதுகிறார்கள். தொண்டைத் தட்டு வாய்க்கு முன்னால் ஆடுகிறது. காதுக்கு மேலே இருக்க வேண்டிய பஞ்சு உச்சியில் நிற்கிறது. அளவு பொருந்தாத கவசம் போடாததை விட மோசம், ஏனென்றால் போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் முகத்தைக் கொடுப்பான் என்று நீங்கள் சொன்னதை நான் அவர்களிடம் சொன்னேன். "தங்கச்சி, நீர் படம் எடுக்கிற வேலையைப் பாரும்" என்றான் ஒருவன். அவனுக்கு இன்னும் அடி படவில்லை.

ரிஸ்னாவைப் போய்ப் பார்க்கிறேன், இடைக்கிடை. அவள் டவுனுக்கு வருகிறதில்லை. பல்கலைக்கழகப் படிப்பையும் இடையில் விட்டுவிட்டாள், பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்த்தால் இறங்கிவிடுவாளாம். தடிகளை வாப்பா கூரைக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார். அவரும் இப்போது கலியாண வீடுகளுக்கு விளையாடப் போவதில்லை. அவள் கேட்கிறது ஒன்றே ஒன்றுதான்.

"தர்சி, ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும். உங்கட அண்ணன் ஒருக்கா சொன்னாப் போதும், என்ட பிழை இல்ல எண்டு. நானும் போன் அடிச்சுப் பாக்கிறன், எடுக்கிறார் இல்ல."

"எடுத்தா என்ன சொல்லுவாய்?"

"தெரியா. அழுவன் போல. அவருக்கும் அழ ஆள் வேணும்தானே?"

அண்ணாவின் போனில் அவள் பெயர் விழுந்து விழுந்து அணைகிறதை நானும் கண்டிருக்கிறேன்.

உங்கள் ஆண்டுத் திவசம் வருகிறது. அதையொட்டி உங்கள் பெயரில் ஒரு கிண்ணம், ஒரு நாள் போட்டி. ஆண்களுக்கு மட்டும். போன ஞாயிற்றுக்கிழமை அதுக்குக் கூட்டம் போட்டார்கள். அண்ணாவை முன்வரிசையில் இருத்தினார்கள். நான் கூப்பிடாமலே போனேன்.

"கிண்ணத்தைக் குடுக்கிறதுக்கு முதல் மைக்கில ரெண்டு விசயம் சொல்ல வேணும்" என்றேன். "கவசம் அலுமாரிக்குள்ள இருந்தது எண்டு ஒண்டு. ரிஸ்னாவில பிழையில்லை எண்டு மற்றது. கிண்ணத்தை அவளே குடுக்க வேணும்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, செத்தவளின்ர பேரில அரசியல் செய்யாதையும். நாங்கள் ஆரையும் குற்றம் சொல்லேல்லையே."

"அதுதான் சேர் பிரச்சினை. நீங்கள் சொல்லாததால எல்லாரும் அவளைச் சொல்லுகினம்."

"அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டா இஞ்ச அடிபாடு வரும். பாதுகாப்பு முக்கியம்."

பாதுகாப்பு! அந்தச் சொல்லை அந்த வாயால் கேட்டதும் நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். "கௌரி மச்சாள் கேட்கேக்க இந்தப் பாதுகாப்பு எங்க சேர் போனது?" பின்னுக்கு யாரோ "அவளைப் பேசாமல் இருக்கச் சொல்லுங்கோ" என்றார்கள். எல்லாரும் அண்ணாவைப் பார்த்தார்கள். அண்ணா நிலத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் சண்டை பிடித்தேன். உங்கள் மனுசன் ஒரு வருசத்தில் என்னோடு அவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான்.

"எனக்குத் தெரியாதே, தர்சி? அலுமாரி பூட்டியிருந்தது எனக்குத் தெரியாதே? தலைவர் செத்தவீட்டில என்ர தோளில சாஞ்சு அழுதவர். என்ர படிப்புக்கு உதவின மனுசன். அவரில எப்பிடி நான் கோவிக்கிறது?"

"அப்ப ரிஸ்னாவில கோவிக்கிறது சுகம். என்ன?"

"அவளின்ர கைதானே பட்டது."

"பட்டது கை. திறக்காமல் விட்டதும் ஒரு கைதான், அண்ணா."

அவர் மோட்டார்சைக்கிளை முறுக்கினார். அதோடு கதை முடிந்தது. தெரிந்த ஆளில் கோபம் வைத்தால் நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டும். பாலத்துக்கு அங்கால் உள்ளவளின் முகத்தில் முழிக்கத் தேவையில்லை. இந்த ஊரில் எங்களுக்கு எப்போதும் இந்த வசதி இருந்திருக்கிறது, அவர்களுக்கும் இருந்திருக்கிறது. இப்படித்தான் ஒவ்வொருதரமும் கலவரத்தில் ஊர் எரிந்தது. பழசைக் கிளறாதே என்பார்கள். இது பழசா, மச்சாள்? நீங்கள் இல்லாமல் ஒரு மழைக்காலம்தானே போயிருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கிண்ணம் கொடுக்கிற அன்று விடிய நான் கிண்ணியாவுக்குப் போவேன். ரிஸ்னாவும் வாப்பாவும் வர ஒப்புக்கொண்டால் பஸ்ஸில் அவர்களோடு வருவேன், அவள் யன்னல் பக்கம், நான் வெளிப்பக்கம். மைதானத்தில் உங்கள் குடும்பத்துக்குப் போட்ட வரிசையில் அவர்களை இருத்துவேன். மறிக்கிறவன் என்னைத் தாண்டித்தான் மறிக்க வேண்டும். தலைவர் சொல்லாவிட்டால் அந்த இரண்டு விசயத்தையும் நான் சொல்லுவேன். மைக்கை நிற்பாட்டினால் மைக் இல்லாமல் சொல்லுவேன். எனக்குத் தொண்டை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

ஆனால் ரிஸ்னா வருவாளா என்பது என்னிடம் இல்லை. அது அண்ணாவிடம் இருக்கிறது.

இன்று காலை அவர் மேசையில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தார். நான் என் போனில் ரிஸ்னாவின் இலக்கத்தை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அவருக்கு முன்னால் வைத்தேன். அழைப்புப் போய்க்கொண்டிருந்தது. அவள் எடுத்துவிட்டாள். "தர்சி?" என்று கேட்டது. நான் போனை அண்ணாவின் பக்கம் இன்னும் தள்ளினேன். "தர்சி? ஆர் கதைக்கிறது?" என்று திரும்பக் கேட்டது. பிறகு விளங்கியிருக்க வேண்டும், அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணா பாணைக் கையில் பிடித்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, லைனில நிக்கிறாள். 'உன்ர பிழை இல்லை' எண்டு சொல்லுங்கோ. சொல்லுங்கோ, அண்ணா."

உங்களுக்காக வாய் ஓயாத,
உங்கள் மச்சாள்
தர்சி